பழைய கிரெடிட் கார்ட் கடன்: முதலில் காகிதம், அப்புறம் காசு

ஐந்தாறு வருஷமாகக் கட்டாத கிரெடிட் கார்ட் ஒன்று உங்கள் பேரில் கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தால் எடுப்பதில்லை, ஓட்டோவுக்கு லீசிங் கேட்டுப் போனால் "உங்களுக்குக் கிரிப் பிரச்சினை இருக்குது தம்பி" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். 2017இல் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தபோது கார்ட் எடுத்தேன், 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் கடையை மூடினார்கள், பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது கார்டில் நின்றது 68,000 ரூபாய். 2024இல் போய்க் கேட்டபோது அது 163,000 ஆகியிருந்தது. கடைசியில் 90,000க்கு முடித்தேன், ஆனால் நடுவில் நான் விட்ட பிழைகளுக்கும் விலை கொடுத்தேன், அதனால் அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இந்தக் கிரிப் என்றால் என்னவென்று பார்ப்போம். நம் பக்கம் "அவன் கிரிப்பில் விழுந்துட்டான்" என்று கிணற்றில் விழுந்த மாதிரிச் சொல்வார்கள். கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ எந்த வங்கிக்கும் சொல்வதுமில்லை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்புகிற விபரத்தைச் சேர்த்து வைக்கிறது, இன்னொரு வங்கி கேட்டால் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்களைத் திருப்பி அனுப்பியது நீங்கள் போன அந்த வங்கியின் முடிவு. இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், "கிரிப்பில் ஆள் இருக்கிறார், 25,000 தாங்க, பேரை எடுத்து விடுகிறேன்" என்று டவுனில் சுற்றுகிறவர்களை நம்பிக் காசைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கடன் விபரத்தை மாற்ற, அதை அனுப்பிய வங்கி திருத்தி அனுப்ப வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

ஆகவே முதல் வேலை, உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பது. நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது. கொழும்பு கோட்டையில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு நேரே போகலாம், அல்லது நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையிலேயே விண்ணப்பம் கேட்கலாம். தலவாக்கலையிலிருந்து ரயிலேறிப் போய் ஒரு நாள் சம்பளத்தை இழப்பதற்குப் பதில், முதலில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள். ஒரு சிறு கட்டணம் உண்டு. கவுண்டரில் இருக்கிறவருக்குத் தெரியாவிட்டால் கடன் பிரிவில் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

அறிக்கை கையில் வந்ததும் மொத்தத் தொகையைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பழைய 9 இலக்கமும் ஓர் எழுத்தும் உள்ள அட்டை, புதிதாக எடுத்தவர்களுக்கு 12 இலக்கம். இலக்கத்தில் ஒரு எண் பிசகினாலும் யாரோ ஒருவரின் கடன் உங்கள் தலையில் உட்காரும். பேரும் அப்படித்தான். ஒரே தோட்டத்தில் ஒரே பேரில் நான்கு பேர், முன்னெழுத்து ஒரு கடதாசியில் ஒரு மாதிரி இன்னொன்றில் வேறு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் எழுதிய பேரும் வீட்டில் கூப்பிடும் பேரும் வேறு வேறு, இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன. அப்புறம் பிணையாளி என்று ஒரு பகுதி இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர், தான் வாழ்க்கையில் கடனே எடுத்ததில்லை என்று சத்தியம் செய்கிறவர், கூட வேலை செய்த ஒருவரின் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதை மறந்தே போயிருந்தார். அந்த ஆள் கட்டவில்லை, அறிக்கையில் இவர் பேர் நின்றது.

பிழையான விபரம் ஏதும் இருந்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், கிரிப்புக்கும் கொடுக்கலாம், அந்த வங்கிக்கும் கொடுக்கலாம். கிரிப் அதை வங்கிக்கு அனுப்பும், வங்கி சரிபார்த்துத் திருத்த வேண்டும். 2020இல் கொரோனா நேரம் மத்திய வங்கி கொடுத்த கடன் சலுகைக் காலத்தில் உங்கள் கணக்கு சேர்ந்திருந்தும் அந்த மாதங்களைக் கட்டாத மாதங்களாகப் போட்டிருந்தால் அதையும் கேளுங்கள், அந்தக் கடிதமோ குறுஞ்செய்தியோ இருந்தால் பிரதி எடுத்து இணையுங்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம், விலாசம். வங்கி எனக்குக் கடிதமே போடவில்லை என்று நான் நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். போட்டிருக்கிறார்கள். பாதி மருதானையில் நான் இருந்த போர்டிங் அறைக்கு, மீதி தோட்டத்துக்கு. லயன் வீட்டுக்கென்று தனி இலக்கம் கிடையாது, கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் மேசைக்கடியில் கிடக்கும். சாதாரணக் கடிதம் தொலைந்தால் போகட்டும், நீதிமன்றக் கட்டளை அப்படித் தொலைந்தால் உங்களுக்குத் தெரியாமலே வழக்கு முடிந்துவிடும். ஆகவே டவுனில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் விலாசத்தை, அவர் சம்மதத்தோடு, "மேற்பார்வை" என்று போட்டு வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். ஒளிந்து இருப்பதால் கடன் குறைவதில்லை, கடிதம் மட்டும்தான் தவறிப்போகும்.

அடுத்தது வங்கி. இங்கேதான் நான் முதல் பிழையை விட்டேன். 2022இல் வசூல் பிரிவிலிருந்து ஒருவர் கோல் எடுத்தார், நல்ல தமிழ், அன்பாகப் பேசினார், "இப்ப ஒரு 5,000 போடுங்க, பைலை நிப்பாட்டி வைக்கிறேன்" என்றார். அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் வாங்கிப் போட்டேன். கடலில் கரைத்த பெருங்காயம். பைலும் நிற்கவில்லை, கோலும் நிற்கவில்லை, மறுமுறை பேசியவருக்கு முதலில் பேசியவர் யாரென்றே தெரியவில்லை. அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி, காகிதம் கைக்கு வராமல் காசு கையை விட்டுப் போகக் கூடாது.

கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், துண்டைப் பத்திரமாக வையுங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"... என முடியும் இலக்கக் கடனட்டை தொடர்பாக என்னிடம் கோரப்படும் தொகையின் முழு விபரத்தையும், அதாவது நான் பாவிப்பதை நிறுத்தியபோது நின்ற முதல், அதன்பின் மாதம் மாதமாகச் சேர்த்த வட்டியும் அதன் வீதமும், தாமதக் கட்டணம், ஏனைய கட்டணங்கள், நான் செலுத்திய தொகைகள் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத்தில், தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் விபரம் கோருவதற்கு மட்டுமே. எந்தத் தொகையையும் நான் ஏற்றுக்கொண்டதாக இதைக் கொள்ள வேண்டாம்."

கடைசி இரண்டு வரி ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். கார்டின் முழு இலக்கத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள், கடைசி நான்கு எண் போதும்.

விபரம் வந்ததும் வட்டி வீதத்தைப் பாருங்கள், ஏனென்றால் இந்தச் சில வருஷங்களில் அது ஊஞ்சலாடியிருக்கிறது. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில், நாடே வரிசையில் நின்ற அந்த நேரம், அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், வட்டி 30 வீதத்தைத் தாண்டிப் போனது. 2023 ஓகஸ்டில் மறுபடி 28 வீதம் என்று வரம்பு வந்தது. எனவே ஆறு வருஷத்துக்கும் ஒரே வீதத்தில் கணக்குப் போட்டிருந்தால் எப்படி என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இன்னொன்று, 28 வீதம் என்றால் ஒரு இலட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 2,330 ரூபாய் வட்டி. மாதம் 2,000 போட்டுக்கொண்டு "நான் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்று சொல்கிறவர்களின் கடன் ஏன் வளர்கிறது என்பது இதிலேயே தெரியும்.

சரி, அந்த இரண்டு வரிக்கு வருகிறேன். நம் நாட்டில் காலாவதிக் கட்டளைச் சட்டம் என்று 1871இலிருந்து ஒன்று இருக்கிறது. எழுத்தில் செய்த ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 வருஷம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருஷம். ஆனால் நடுவில் நீங்கள் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். நான் 2022இல் போட்ட அந்த 5,000 என்ன செய்தது என்று இப்போது புரிகிறதா? உங்கள் கடன் நிஜமாகவே பழையது என்றால், ஒரு சதம் கட்டுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கடைசியாகக் கட்டிய திகதியைக் காட்டிக் கேளுங்கள். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: காலம் கடந்துவிட்டது என்பது நீதிமன்றத்தில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய வாதம், அது தானாக வந்து உங்களைக் காப்பாற்றாது, கிரிப் அறிக்கையில் உள்ளதை அழிக்கவும் செய்யாது. என் அபிப்பிராயம், நாளைக்கு வீடு கட்டவோ பிள்ளையைப் படிக்க வைக்கவோ வங்கிக் கடன் வேண்டும் என்று நினைக்கிறவர் காலாவதியை நம்பி உட்காராமல் பேசி முடிப்பதே நல்லது. அறுபது வயதில், இனி எந்த வங்கிப் படியும் ஏறப்போவதில்லை என்கிறவரின் கணக்கு வேறு.

நீதிமன்றக் கடிதம் வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு அதைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் வங்கிகளுக்குச் சுருக்கு வழி கொடுக்கிறது. மாவட்ட நீதிமன்றம் முதலிலேயே ஒரு கட்டளை போட்டு, இந்தத் திகதிக்குள் வந்து காரணம் காட்டு என்று அனுப்பும். அந்தத் திகதிக்குப் போகாவிட்டால் கட்டளை உறுதியாகிவிடும். போனாலும் வாதாட அனுமதி கேட்க வேண்டும், அதற்குப் பணமோ பிணையோ கட்டச் சொல்லவும் கூடும். இதைத் தனியாகச் செய்ய நினைக்காதீர்கள், கடிதம் கிடைத்த மறுநாளே சட்டத்தரணியிடம் போங்கள்.

ஜெயில்? கார்ட் கடன் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் யாரையும் பிடித்து உள்ளே போடுவதில்லை, அது சிவில் விஷயம். "பொலிஸ் வரும், தோட்டத்து ஆபீஸில் சொல்லி வேலையை நிப்பாட்டுவோம்" என்று போனில் மிரட்டினால், பேசியவர் பேர், நம்பர், திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். காசோலை மட்டும் வேறு கதை. கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை கொடுத்து அது திரும்பினால் மேலே சொன்ன அதே கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றம். வசூலுக்கு வருகிறவர் "பின் திகதி போட்டு நாலு செக் தாங்க, மனசுக்கு ஆறுதலாக இருக்கும்" என்பார். அவர் மனசு ஆறும், நீங்கள் சிவில் கடனைக் குற்றவியல் வழக்காக மாற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

மிரட்டலும் அயல் வீட்டுக்குக் கோல் எடுப்பதும் தொடர்ந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற நம்பரில் பேசலாம். நிதிக் குறைகேள் அதிகாரி என்றும் ஒருவர் இருக்கிறார், வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்காமல் இப்படியான தகராறுகளைப் பார்ப்பார். எந்த இடத்துக்குப் போனாலும் வங்கிக்கு முதலில் எழுதினீர்களா என்றுதான் கேட்பார்கள், பதிவுத் தபால் துண்டு அங்கே உதவும்.

இனிப் பேரம். கணக்கு பழையதாகிவிட்டால் வங்கி அதைத் தன் புத்தகத்தில் நட்டமாகத் தள்ளி எழுதியிருக்கும். தள்ளி எழுதியது என்றால் மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, கடன் அப்படியேதான் நிற்கிறது. ஆனால் அதன்பின் வருகிற காசு அவர்களுக்குப் போனது திரும்பி வந்த மாதிரி, ஆகவே வட்டியிலும் தாமதக் கட்டணத்திலும் இறங்கி வர இடம் இருக்கிறது. வாயில் வந்த தொகையைச் சொல்லாதீர்கள். கையில் உண்மையாக எவ்வளவு புரட்ட முடியும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். நான் முதலான 68,000த்தில் தொடங்கினேன், அவர்கள் 130,000 என்றார்கள், மூன்று மாதம் இழுபட்டு 90,000த்துக்கு வந்தது, மூன்று தவணை. ஒரே தவணையில் போடக் கையில் இருந்திருந்தால் இன்னும் குறைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காசு எங்கிருந்து வரலாம், எங்கிருந்து வரக் கூடாது என்பதைப் பற்றி ஒரு சொல். ஈபிஎஃப் காசில் 30 வீதம் எடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள், அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், கார்ட் கடனுக்குத் தரமாட்டார்கள். லயத்துக்கு வந்து குழுவாக உட்கார வைத்துக் கொடுக்கும் நுண்கடனில் எடுத்துக் கார்டைக் கட்டுவது, மழைக்குப் பயந்து ஆற்றில் இறங்குகிற வேலை. கார்ட்காரன் கோல் எடுப்பான், குழுக்கடன்காரன் வாரா வாரம் வாசலில் வந்து நிற்பான், நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காதான் கட்ட வேண்டும். அம்மாவின் நகையை அடகு வைப்பதையும் நான் சொல்லமாட்டேன், ஆனால் வட்டியைக் கணக்குப் பார்த்து, மீட்கும் திகதியைக் குறித்து வைத்துச் செய்தால் அது குழுக்கடனை விட மேல். நான் சீட்டுப் பிடித்தேன், முதல் தவணைக்கு அது, மற்றது இரண்டும் தீபாவளி முற்பணமும் சம்பளமும்.

பேரம் முடிந்ததும் காசைக் கட்ட அவசரப்படாதீர்கள். வங்கியின் கடிதத்தாளில், கையெழுத்தோடு, நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: கார்டின் கடைசி எண்கள், ஒத்துக்கொண்ட தொகையும் தவணைத் திகதிகளும், இது முழுமையான இறுதித் தீர்வு என்பதும் மீதித் தொகையைப் பிறகு கேட்கமாட்டோம் என்பதும், கிரிப்புக்குத் தீர்க்கப்பட்டதாக அறிவிப்போம் என்பதும். "முதல்ல கட்டுங்க, கடிதம் பிறகு அனுப்புறோம்" என்றார்கள் என்னிடமும். பிறகு வந்து கட்டுகிறேன் என்று எழும்பினேன், பத்து நாளில் கடிதம் வந்தது. கட்டும்போது வங்கிக் கவுண்டரிலேயே கட்டுங்கள், வசூல்காரர் கையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள், பற்றுச்சீட்டை அன்றே போட்டோ எடுங்கள், அந்த மெல்லிய தாளில் அச்சு ஆறு மாதத்தில் மங்கிவிடும். ஒரு தவணை தவறினால் சலுகையே இல்லாமல் போகும் என்று பெரும்பாலும் கடிதத்திலேயே இருக்கும், அதை வாசித்துவிட்டுத் திகதிகளைச் சம்பள நாளுக்குப் பின்னால் கேட்டு வாங்குங்கள். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதி என்றால் தவணை 15ஆம் திகதி இருக்கட்டும்.

கடைசித் தவணை முடிந்ததும் நிலுவை இல்லை என்ற கடிதமும் கார்ட் கணக்கு மூடப்பட்டது என்ற உறுதியும் கேட்டு வாங்குங்கள். மூடாமல் விட்டால் வருடாந்தக் கட்டணம் என்று ஒன்று விழுந்து மறுபடி முளைக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து கிரிப் அறிக்கையை இன்னொரு தடவை எடுங்கள். எனக்கு இரண்டாவது அறிக்கையிலும் பழைய நிலுவைதான் நின்றது, கடிதத்தின் பிரதியை இணைத்து எழுதிய பிறகுதான் திருத்தினார்கள். தீர்த்த உடனே வரலாறு வெள்ளையாகிவிடாது, எத்தனை நாள் பிந்தினீர்கள் என்பது கொஞ்சக் காலம் தெரியத்தான் செய்யும். ஆனால் "கட்டவில்லை" என்று நிற்கிற கணக்குக்கும் "பிந்தினார், ஆனால் தீர்த்தார்" என்று நிற்கிற கணக்குக்கும் கடன் கொடுக்கிறவர் பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு.

பேரைத் திரும்பக் கட்டியெழுப்புவது பொறுமை வேலை, சொல்ல அதிகம் இல்லை. நிலையான வைப்பு ஒன்று போட்டு அதன் மேல் சின்ன வரம்பில் கார்ட் கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன, அந்த மாதிரி ஒன்றை எடுத்து மாதம் போன் ரீலோடும் கறண்ட் பில்லும் மட்டும் அதில் கட்டி, பில் வந்ததும் முழுவதையும் அடைத்துவிடுங்கள், குறைந்தபட்சத் தொகையை அல்ல. கார்டில் ஏடிஎம் காசு எடுக்காதீர்கள், அதற்கு வட்டியில்லாத நாள் என்று ஒன்றும் கிடையாது, எடுத்த அன்றே ஓடத் தொடங்கும், மேலே ஒரு கட்டணமும் உண்டு. ஒரே மாதத்தில் நாலு லீசிங் கம்பனிக்கு விண்ணப்பம் போடாதீர்கள், யார் யார் உங்கள் விபரத்தைக் கேட்டார்கள் என்பதும் அறிக்கையில் பதிகிறது. யாருக்கும் பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள். மச்சான் கேட்டால்? மச்சானுக்கும்தான். வீட்டில் ஒரு வாரம் முகம் கோணும், பரவாயில்லை.

நிலுவை இல்லை என்ற அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை டவுனில் சித்தப்பா கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். மூலக்கடிதம் வீட்டில், பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவின் தகரப் பெட்டிக்குள், அடையாள அட்டைப் பிரதிகளோடு. ஆனி ஆடி மழைக்கு எங்கள் லயத்துத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகும், பெட்டி ஒழுகாத மூலையில் இருக்கிறது.